பதின்மூன்று சதவீதத்தில் திணறும் கணினி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்டால் இன்னும் கொஞ்ச காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், ஆனால் அது தவணை வாங்கும் கதைதான். என் மேசையில் இருப்பது கோர் ஐ7-4770, 2013-இல் வந்த பிராசசர். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும்; 4770 நான்காம் தலைமுறை. லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருடம் நிம்மதியாக ஓடும். ஆனால் நான் அன்றாடம் நம்பியிருக்கும் எக்செல் மேக்ரோக்கள் (எக்செலுக்குள் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) அங்கே அப்படியே வராது. ஆக, மாற்று தேட வேண்டிய கட்டாயம்.

இந்தக் கட்டத்தில் பொதுவாக நடப்பது என்ன? பிராசசர் பெயர்களை வரிசையாக எழுதி, பக்கத்தில் பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையின் ஸ்கோரைப் போட்டு, பெரிய எண்ணுக்கு வட்டம் போடுவோம். நான் அதற்கு முன்னால் பழைய பெட்டியை விசாரித்துவிட நினைத்தேன். எந்தக் கணினி வேகம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நான் எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்ற கேள்விக்குப் பதில் இந்தப் பெட்டிக்குள்தானே இருக்கிறது?

என் வேலை பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மேக்ரோ ஓடும் கனமான எக்செல் கோப்புகள். பழைய அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்து, டெசராக்ட் என்ற மென்பொருள் வழியாக எழுத்தாக மாற்றுவது. நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் உலாவித் தாவல்கள். எப்போதாவது ஒரு வீடியோ.

மேக்ரோவை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். எக்செல் ஜன்னல் வெளுத்து, பதில் சொல்லாமல் நிற்கிறது. ஆனால் சிபியு பயன்பாடு என்று மேலே காட்டுவது 13 சதவீதம்! பார்த்தவுடன் பிராசசர் சும்மா இருக்கிறது, கோளாறு வேறெங்கோ என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டால் விஷயம் தெரியும். கோர் என்பது பிராசசருக்குள் தனியாக வேலை செய்யும் அலகு, த்ரெட் என்பது அது ஒரே நேரத்தில் ஏற்கும் வேலை வரிசை. 4770-இல் நான்கு கோர், எட்டு த்ரெட். எட்டில் ஒன்று முழு மூச்சாக ஓடினால் மொத்தத்தில் பன்னிரண்டரை சதவீதம். மேக்ரோ மொழியான விபிஏ ஒரே ஒரு த்ரெட்டில்தான் ஓடும். அந்த ஒன்று நாக்குத் தள்ள ஓடுகிறது, மற்ற ஏழும் வேடிக்கை பார்க்கின்றன. வரைபடத்தின் மேல் வலது க்ளிக் செய்து, ஒவ்வொரு த்ரெட்டையும் தனித்தனிக் கட்டமாகக் காட்டச் சொன்னால் இன்னும் தெளிவாகும். விண்டோஸ் அந்த ஒற்றை வேலையை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால் மேடு ஒரே கட்டத்தில் நிற்காது. கூட்டிப் பார்த்தால் ஒரு த்ரெட் அளவுதான் வரும்.

இதே பெட்டியில் டெசராக்டை ஓடவிட்டால் காட்சியே வேறு. ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதால் பல பக்கங்களை ஒரே நேரத்தில் கொடுக்கலாம். டெசராக்ட் தானாகவே ஒரு பக்கத்துக்குப் பல த்ரெட்டை எடுத்துக்கொள்ளப் பார்க்கும். அதை ஒரு த்ரெட்டுக்குக் கட்டுப்படுத்திவிட்டு, பக்கங்களைப் பக்கவாட்டில் ஓடவிட்டால் மொத்த வேலை சீக்கிரம் முடியும். அப்போது எட்டுக் கட்டமும் உச்சியைத் தொடும், ஃபேன் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும்.

ஒரே ஆள், ஒரே கணினி, இரண்டு வேலை. ஒன்றுக்கு வேண்டியது வேகமான ஒற்றைக் கோர், மற்றதற்கு வேண்டியது நிறையக் கோர். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்கோர் என்றால் அது எதைச் சொல்லும்?

கோர் எண்ணிக்கை எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இலேயே ஒரு வரம்பு சொல்லிவிட்டார். 100 வினாடி பிடிக்கும் வேலையில் 40 வினாடி பிரிக்கவே முடியாத பகுதி என்று வைத்துக்கொள்வோம். மீதி 60-ஐ ஆறு கோருக்குப் பங்கிட்டால் மொத்தம் 50 வினாடி. பன்னிரண்டு கோருக்குப் பங்கிட்டால் 45. ஆயிரம் கோர் வாங்கிப் போட்டாலும் 40-க்குக் கீழே வராது. கோரை இரட்டிப்பாக்கிக் கிடைத்தது ஐந்து வினாடி. விளம்பரங்கள் கோர் எண்ணிக்கையைக் கொட்டை எழுத்தில் போடும்போது எனக்கு இந்த ஐந்து வினாடிதான் நினைவுக்கு வரும்.

சரி, ஒற்றைக் கோர் வேகத்தை எதை வைத்து ஒப்பிடுவது? கிகாஹெர்ட்ஸை, அதாவது வினாடிக்கு எத்தனை நூறு கோடித் துடிப்பு என்பதை, வைத்து முடியாது. 2004-இல் பென்டியம் 4 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. 2006-இல் வந்த கோர் 2 டியோ அதைவிட வெகு குறைந்த கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டே அதை முந்தியது. ஒரு துடிப்புக்குள் எவ்வளவு வேலை முடிகிறது என்பது வடிவமைப்பைப் பொறுத்தது, அந்த எண் பெட்டியில் அச்சாகாது. பெயரையும் நம்ப முடியாது. ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்தத் தலைமுறைக்குள் இருக்கும் படிநிலை மட்டும். 2022-இன் ஐ3-12100-க்கும் நான்கு கோர், எட்டு த்ரெட்தான், ஆனால் என் ஐ7 அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

இன்னும் வேடிக்கை, என்100 என்ற சின்னப் பிராசசர். 2023-இல் வந்தது, உள்ளங்கை அகல மினி பிசிக்களில் வரும். அதன் மின் அளவு 6 வாட், என் 4770-க்கு 84 வாட். ஒற்றைக் கோர் ஸ்கோரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கின்றன. பத்து வருடம் எவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று வியக்கலாம். ஆனால் வாங்கப் போகிறவனுக்கு அது சொல்வது வேறு: இதை வாங்கினால் மேக்ரோ இன்று காத்திருக்க வைக்கும் அதே நேரம் நாளையும் வைக்கும். மின்சாரம் மிச்சம், சத்தம் மிச்சம். காத்திருப்பு மட்டும் அப்படியே.

ஸ்கோர்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொரு பெஞ்ச்மார்க்கும் ஏதோ ஒரு வேலையின் சாயல். என் வேலையின் சாயல் எதில் இருக்கிறது என்று தெரிந்தால் அந்த எண் உதவும். சினிபெஞ்ச் ஒரு படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எல்லாக் கோருக்கும் கொடுக்கிறது. துண்டுகளுக்குள் பேச்சுவார்த்தை அதிகம் இல்லை. என் டெசராக்ட் வேலை ஏறக்குறைய அந்த ரகம், ஆகவே சினிபெஞ்ச்சின் பல-கோர் ஸ்கோர் எனக்குப் பயன்படும். கீக்பெஞ்ச் 6 என்ற இன்னொரு பெஞ்ச்மார்க்கின் பல-கோர்ச் சோதனை அப்படி இல்லை. ஒரே வேலையைப் பல கோர்கள் சேர்ந்து முடிக்கும்படி அதை மாற்றினார்கள். அதனால் கோர் கூடக் கூட ஸ்கோர் அதே விகிதத்தில் ஏறாது. அன்றாட மென்பொருள்களுக்கு அதுதான் நிஜத்துக்கு நெருக்கம் என்பது என் எண்ணம், ஆனால் பக்கம் பக்கமாக ஓடும் என் வேலையை அது குறைத்துக் காட்டும். மேக்ரோவுக்குப் பார்க்க வேண்டியது இரண்டிலும் உள்ள ஒற்றைக் கோர் எண்ணை மட்டும். உலாவிக்கு ஸ்பீடோமீட்டர் என்ற இணையப் பக்கச் சோதனை. அதை ஓட்ட ஒன்றும் நிறுவ வேண்டாம், பக்கத்தைத் திறந்தால் போதும். எல்லாக் கணினியிலும் ஒரே உலாவி, ஒரே பதிப்பு என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதிப்புகளைக் கலக்கவே கூடாது. கீக்பெஞ்ச் 5-இல் ஐ3-8100-இன் ஸ்கோர் 1000 என்று வைத்து மற்றதை அளந்தார்கள். கீக்பெஞ்ச் 6-இல் ஐ7-12700-க்கு 2500 என்று வைத்தார்கள். ஒன்றில் வந்த 1400-ஐயும் மற்றதில் வந்த 1400-ஐயும் பக்கத்தில் வைத்தால் அர்த்தமே இல்லை. சினிபெஞ்ச்சிலும் ஆர்15, ஆர்20, ஆர்23, 2024 எல்லாம் தனித்தனி அளவுகோல்கள்.

அப்புறம் சராசரி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அ என்ற கணினி மேக்ரோவில் ஆ-வைவிட இரண்டு மடங்கு வேகம், டெசராக்டில் பாதி வேகம். ஆ-வை அடிப்படையாக வைத்தால் அ-வின் எண்கள் 2, 0.5, சராசரி 1.25. ஆகா, அ 25 சதவீதம் வேகம்! இப்போது அ-வை அடிப்படையாக வைப்போம். ஆ-வின் எண்கள் 0.5, 2, சராசரி அதே 1.25. இப்போது ஆ 25 சதவீதம் வேகம்! இரண்டும் ஒன்றையொன்று முந்துகின்றன. ஃபிளெமிங், வாலஸ் என்ற இருவர் 1986-இல் இதை எழுதிக்காட்டி, விகிதங்களுக்குப் பெருக்கல் சராசரிதான் (எண்களைப் பெருக்கி மூலம் எடுப்பது) பொருந்தும் என்றார்கள். பெஞ்ச்மார்க்குகளை வகுக்கும் ஸ்பெக் அமைப்பின் சிபியு சோதனைகள் அந்த முறையில்தான் கூட்டப்படுகின்றன. பெருக்கல் சராசரி இங்கே சரியாக 1 என்று வரும், அதாவது இரண்டும் சமம். கணக்கில் குறையில்லை. ஆனால் நாள் முழுக்க மேக்ரோ ஓட்டும் ஆளுக்கு அ இரண்டு மடங்கு வேகம், அவரிடம் போய்ச் சமம் என்று சொல்ல முடியுமா? எந்தச் சராசரியானாலும் என் நாளில் எந்த வேலை எவ்வளவு நேரம் என்பது அதற்குத் தெரியாது. அந்த எடையை நான்தான் போட வேண்டும்.

இந்த வகையில் எனக்குப் பிடித்த எண் ஒன்று பழைய விண்டோஸிலேயே இருந்தது. 2007-இல் விஸ்டாவோடு வந்த எக்ஸ்பீரியன்ஸ் இண்டெக்ஸ். பிராசசர், நினைவகம், கிராஃபிக்ஸ், விளையாட்டு கிராஃபிக்ஸ், டிஸ்க் என ஐந்து மதிப்பெண் கொடுத்து, கடைசியில் மொத்தம் என்று காட்டுவது ஐந்தில் மிகக் குறைந்ததை. பலரும் அதைக் கிண்டல் செய்தார்கள். எல்லாம் ஐந்துக்கு மேல் இருந்தும் டிஸ்க் மூன்று என்றால் மொத்தமும் மூன்றுதான். எனக்கு அது நேர்மையாகவே பட்டது. விண்டோஸ் 8.1-இல் அந்தத் திரையை எடுத்துவிட்டார்கள்.

நேரம் என்ற இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஐ7-10700 என்ற பிராசசரின் மேல் 65 வாட் என்று எழுதியிருக்கும். இன்டெல் வகுத்த இயல்பு அமைப்பில் அது முதல் 28 வினாடி வரை 224 வாட் எடுத்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு 65-க்கு இறங்க வேண்டும். அரை நிமிடத்தில் முடியும் சோதனையில் இது ஒரு பிராசசர், கால் மணி நேர வேலையில் வேறொரு பிராசசர். மதர்போர்டு தயாரிப்பாளர்கள் சிலர் அந்த வரம்பைத் தளர்த்தி வைக்கிறார்கள். கட்டிமுடித்து விற்கும் பெட்டிகளில் சின்னக் கூலரைப் போட்டு இன்னும் இறுக்குபவர்களும் உண்டு. அதே பெயருள்ள பிராசசர் இரண்டு பெட்டியில் இரண்டு வேகத்தில் ஓடுவது இதனால்தான். சினிபெஞ்ச் ஆர்23 இயல்பாகவே பத்து நிமிடம் தொடர்ந்து ஓடும். ஓடும்போது எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஆரம்பத்தில் நான்கு கிகாஹெர்ட்ஸுக்கு மேல் நிற்கும் எண் அரை நிமிடம் தாண்டியதும் படக்கென்று சரிவதைக் கண்ணாலேயே காணலாம். நான் எழுதி வைத்துக்கொள்வது சரிந்த பிறகு நிற்கும் எண்ணை.

ஆல்-இன்-ஒன் கணினிகளில் இது இன்னொரு வடிவத்தில் வரும். மானிட்டருக்குப் பின்னால் எல்லாம் அடங்க வேண்டும் என்பதால் பலவற்றில் மடிக்கணினிப் பிராசசர்தான். விளம்பரத்தில் பன்னிரண்டாம் தலைமுறை ஐ7 என்று இருக்கும். ஐ7-12700 என்றால் எட்டுப் பெரிய கோர், நான்கு சிறிய கோர். ஐ7-1255யு என்றால் இரண்டு பெரியது, எட்டுச் சிறியது, அடிப்படை மின் அளவு 15 வாட். தலைமுறையும் ஒன்று, ஐ7-உம் ஒன்று, ஆனால் டெசராக்டைக் கொடுத்தால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும். எண்ணின் கடைசி எழுத்தைப் படிக்காமல் எதையும் வாங்கக் கூடாது. டி என்று முடிந்தால் 35 வாட் டெஸ்க்டாப் ரகம், அதுவும் நீண்ட வேலையில் மெதுவாகும்.

டிஸ்க் பற்றிச் சுருக்கமாக. இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் வேறெதையும் ஒப்பிடும் முன் எஸ்எஸ்டி (சுழலும் பகுதி இல்லாத சேமிப்பகம்) போட்டுப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, தலை நகர இன்னும் சில மில்லி வினாடி. வினாடிக்கு நூறு துண்டுகூடத் தேறாது. எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் எடுத்துத் தரும். ஆனால் சாட்டா என்ற பழைய இணைப்பு முறையில் ஓடும் எஸ்எஸ்டியிலிருந்து என்விஎம்ஈ என்ற புதிய முறைக்குப் போகும்போது அதே பாய்ச்சலை எதிர்பார்க்க வேண்டாம். பெட்டியில் போட்டிருக்கும் 550, 7000 மெகாபைட் எல்லாம் பெரிய கோப்பை நேராகப் படிக்கும் வேகம். சின்னச் சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும்போது இரண்டுமே வினாடிக்குச் சில பத்து மெகாபைட்டில்தான் இருக்கும். கணினி திறப்பது, மென்பொருள் திறப்பது எல்லாம் பெரும்பாலும் அந்த ரகம். என் பழைய பெட்டியில் ஏற்கெனவே சாட்டா எஸ்எஸ்டி இருப்பதால் இந்த வரியை ஒப்பீட்டிலிருந்தே அடித்துவிட்டேன்.

ரேமில் நான் பார்ப்பது இரண்டு. வழக்கமான வேலை எல்லாம் திறந்திருக்கும்போது டாஸ்க் மேனேஜர் காட்டும் 'கமிட்டெட்' அளவு, அதாவது எல்லா மென்பொருளும் சேர்ந்து கேட்டிருக்கும் நினைவகம், என்ன? அது ரேமைத் தாண்டிப் போனால், புதுப் பிராசசரைவிடக் கூடுதல் ரேம்தான் முதல் மருந்து. அடுத்தது, ரேம் ஒரே குச்சியா, இரண்டா? டிடிஆர்4-3200 ரக ரேம் ஒரு சேனலுக்கு (ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதை) வினாடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு சேனலில் 51.2. 16 ஜிபி என்று விற்கும் பெட்டியில் ஒரே 16 குச்சி இருக்கலாம். விமர்சனத்தில் சோதித்தது இரண்டு எட்டாக இருந்திருக்கலாம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும், ஏனென்றால் திரையும் அதே ரேமில்தான் பங்கு கேட்கிறது.

எந்த ஸ்கோரிலும் வராத ஒன்று, வீடியோ. யூடியூபில் 4கே படம் விபி9, ஏவி1 என்ற சுருக்க வடிவங்களில்தான் வரும். 4770-இன் உள் கிராஃபிக்ஸுக்கு இரண்டையும் விரிக்கும் தனி மின்சுற்று கிடையாது, எல்லாம் கோர்களின் தலையில் விழும். எட்டாம் தலைமுறைக்கு விபி9 வரும், ஏவி1 வராது. டெஸ்க்டாப் இன்டெலில் ஏவி1 பதினோராம் தலைமுறையிலிருந்துதான். ஆகவே ஆறு கோர் பழைய ஐ5 மூச்சு வாங்கும் வீடியோவை, மெதுவான என்100 அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, ஒரு யுஎஸ்பி டிரைவில் என் சோதனையைப் போட்டுக்கொண்டேன். மேக்ரோவோடு ஒரு எக்செல் கோப்பு, ஸ்கேன் செய்த பக்கங்கள் ஒரு கட்டு, டெசராக்ட், கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப், சினிபெஞ்ச். 7-ஜிப்பில் உள்ளேயே ஒரு பெஞ்ச்மார்க் இருக்கிறது. சுருக்கும் வேகம் நினைவகத் தாமதத்தையும் கேஷையும் (பிராசசருக்குள் இருக்கும் சிறு நினைவகம்) பொறுத்தது, விரிக்கும் வேகம் பெரும்பாலும் பிராசசரையே பொறுத்தது. ஆகவே அந்த இரண்டு எண்ணும் சேர்ந்தே கொஞ்சம் கதை சொல்லும். தெரிந்தவர்களின் கணினிகளில் அனுமதி கேட்டு ஓட்டிப் பார்த்தேன். கணினி திறந்தவுடன் ஓட்டுவதில்லை, அப்போது விண்டோஸ் பின்னணியில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கோப்புகளை யுஎஸ்பியிலிருந்து உள் டிஸ்க்குக்கு மாற்றிய பிறகுதான் கடிகாரம். முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்த ஓட்டங்களில் கோப்பு ரேமிலேயே இருக்கும் என்பதால் எண்கள் நெருங்கி வரும், அவற்றில் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வேன்.

பத்து சதவீத வித்தியாசத்துக்கெல்லாம் நான் மதிப்புக் கொடுப்பதில்லை. பத்து வினாடி ஒன்பது வினாடியானால் கைக்குத் தெரியாது. காத்திருப்பு மூன்றில் இரண்டு பங்காகவாவது குறைந்தால்தான் கணினி மாறியது போல இருக்கும். ஆனால் ஒன்று: மேக்ரோவின் தொடக்கத்தில் திரைப் புதுப்பிப்பையும் தானியங்கிக் கணக்கீட்டையும் நிறுத்தி வைக்கும் இரண்டு வரியைச் சேர்த்தால் சில நேரம் அதைவிட அதிகம் மிச்சமாகும். புதுப் பெட்டி எதுவும் தராத வேகம் அது. அந்த வரிகள் ஏற்கெனவே இருக்கும் கோப்பை வைத்துத்தான் ஒப்பிட்டேன்.

கடைசியில் போட்டியில் நின்றவை நான்கு. என்100 மினி பிசி மேக்ரோவில் அதே இடம், டெசராக்டில் பின்னடைவு; விலக்கியாயிற்று. ஐ7-1255யு ஆல்-இன்-ஒன் மேக்ரோவில் நன்றாகவே ஓடியது, பக்கக் கட்டைக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் தளர்ந்தது. மானிட்டர் போனால் கணினியும் போகும் என்பது தனி வருத்தம். பழைய அலுவலகப் பெட்டி ஒன்று, ஐ5-8500, ஆறு கோர், ஆறு த்ரெட். விண்டோஸ் 11 ஏற்கும், டெசராக்டில் பரவாயில்லை, ஒற்றைக் கோரில் என் 4770-ஐ முந்தும், ஆனால் உணரும்படி இல்லை. ஐ5-12400 மட்டும் ஒற்றைக் கோரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், ஏவி1-உம் உண்டு. அதற்கு மேலே ஐ7-க்குப் போனால் டெசராக்ட் இன்னும் வேகமாகும். ஆனால் அந்த வேலையை நான் ஓடவிட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறேன். எதிரே உட்கார்ந்து காத்திருப்பது மேக்ரோவுக்கு மட்டும். அதில் 12400-க்கும் ஐ7-க்கும் இடைவெளி கொஞ்சம்தான்.

12400 போட்ட பெட்டிகள் இரண்டு கண்ணில் பட்டன. ஸ்கோர் ஏறத்தாழ ஒன்று. இரண்டின் பக்கத் தகட்டையும் கழற்றிப் பார்க்க விட்டார்கள். முதலாவதில் ஒரே ரேம் குச்சி, கையகலக் கூலர், மதர்போர்டுக்கு வழக்கமான 24-பின் இணைப்புக்குப் பதில் அந்த நிறுவனத்துக்கே உரிய ஏதோ ஒரு சின்ன இணைப்பு. பவர் சப்ளை போனால் அவர்களிடமே போய் நிற்க வேண்டும். இரண்டாவதில் இரண்டு எட்டு ஜிபி குச்சி, இன்னும் இரண்டு இடம் காலி, 24-பின் இணைப்பு, கொஞ்சம் பெரிய கூலர். பெட்டி பார்க்க அழகில்லை, முன்பக்கம் யுஎஸ்பி துளைகளும் குறைவு. அதைத்தான் எடுத்துக்கொண்டேன்.